உளி முதல் குறுக்குவிசை வரை

செங்கல்பட்டு நகருக்குக் கிழக்கே சிறிது தொலைவில் வல்லம் என்னும் சிற்றூர் உள்ளது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் குடையப்பெற்ற குடைவரைக் கோயில் ஒன்று அவ்வூர்க் குன்றில் இருக்கிறது. மன்னனின் விருதுப்பெயர்களை அடுக்கிக் கூறி, அவனுக்கு அடங்கிய சிற்றரசன் ஒருவனின் மகனாகிய கந்தசேனன் அக்கோயிலைச் செய்வித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு தமிழில் அறிவிக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது அது. அதை வெட்டிய கல்தச்சன் ஓரெழுத்தைப் பிழைபடக் கொத்தியிருந்தால், அப்பாறையில் அதை மீட்க வழியில்லை. உளி ஒருமுறை விழுந்தது விழுந்ததுதான்.

அதே செங்கல்பட்டுக்கு வடக்கே, பரனூரை ஒட்டி, 2002இல் தொடங்கப்பெற்ற தொழில் நகரியம் ஒன்று உள்ளது. மக்கள் அதை மகேந்திரா சிட்டி என்பர். பெயர் ஒற்றுமை தற்செயலானது. அங்கும், சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில் சிறுசேரியிலும், பல்லாயிரம் இளைஞர்கள் நாள்தோறும் கணிப்பொறி முன் அமர்ந்து நிரல் எழுதுகின்றனர். எழுதுவதைவிட எழுதியதைத் திருத்துவதே அவர்கள் வேலையில் பெரும்பகுதி. பிழைபட்ட வரியை நீக்க ஒரு விசை. நீக்கியதை மீட்க ஒரு விசை. ஓரிடத்துச் சொல்லை நூறிடத்தில் மாற்ற இரண்டு மூன்று விசைகள். கைகள் பலகையைவிட்டு அகலாமலே இவை நடைபெறுகின்றன. இவற்றைக் குறுக்குவிசைகள் என்பர்.

வல்லத்துக் குன்றுக்கும் பரனூர்க் கணிப்பொறிக்கும் இடைப்பட்ட பதினான்கு நூற்றாண்டுகளில், எழுதுதலையும் திருத்துதலையும் சுருக்கிக்கொள்ளத் தமிழர் கண்ட வழிகள் பல. அவற்றை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலப்படும். சுருக்குவழி எனப்படுவது, ஒரு சமூகம் தனக்குள் முன்னரே செய்துகொண்ட உடன்பாட்டின் மறுபெயர். உடன்பாடு நிலைத்தவிடத்துச் சுருக்கம் பயன் தந்தது. உடன்பாடு குலைந்தவிடத்து எழுதியவையே அழிந்தன. தமிழ்க் கவிஞர்க்கும் பதிப்பாளர்க்கும் இவ்வரலாறு உணர்த்தும் பாடம் சிறியதன்று.

கல்லும் ஓலையும்

மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டன் மண்டபம் உள்ளது. அதன் சுவர்களில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று இருமுறை பொறிக்கப்பட்டுள்ளது. ஒருபுறம் பல்லவ கிரந்த எழுத்து. மறுபுறம் நாகரி எழுத்து. பாடல் ஒன்றே, எழுத்து இரண்டு. ஒரே பாடத்தை இருவேறு எழுத்துமுறையினர்க்கும் எட்டச் செய்ய வேண்டும் என்னும் கவலை அன்றே இருந்தது என்பதற்கு அச்சுவர்கள் சான்று. நகலெடுத்தல் எனும் செயலுக்குக் கல்தச்சன் கொடுத்த விலை, முழு உழைப்பையும் மீண்டும் ஒருமுறை தருவதாக இருந்தது. கல்லில் பிழை மீளாது என்பதனாலேயே சிற்பியர் முன்னதாகக் காவிக்கோடு இழுத்து அளந்து, பின்னரே உளி வைத்தனர். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் இன்றும் திருத்தம் என்பது கோட்டின் நிலையிலேயே முடிந்துவிட வேண்டிய ஒன்று.

ஓலை சற்று இளகியது. எழுத்தாணி கீறியதை அழிக்க இயலாவிடினும் அடிக்க இயலும். விடுபட்ட எழுத்தை வரிக்கு மேலோ கீழோ எழுதி, அது புகவேண்டிய இடத்தைக் காக்கைக்கால் போன்ற குறியால் காட்டுவது இந்தியச் சுவடி மரபு. காகபாதம் என்று அதற்குப் பெயர். அடித்தல், புகுத்தல் என்னும் இரண்டு செயல்களுக்கும் அடையாளங்கள் அங்கே தோன்றிவிட்டன.

சுருக்கத்திற்கும் ஓலையில் இடமிருந்தது. ஊர்க்கணக்கர் தம் கணக்குகளில் நாள், மாதம், வருடம் என்பவற்றை விரித்தெழுதார்; ௳, ௴, ௵ என்று ஒவ்வொன்றையும் ஒரே கீறலில் முடிப்பர். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. செங்கல்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரை ஆங்கிலேய அலுவலர் தாமஸ் பர்னார்டு நடத்திய கணக்கெடுப்பிற்கு அடிப்படையானவை இத்தகைய ஓலைக் கணக்குகளே. அவற்றுள் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் ஆராயப்பெற்று 2001இல் நூலாகவும் வெளிவந்துள்ளன. திருப்போரூர், இன்று மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த அதே சாலையில், சிறுசேரிக்குத் தெற்கே உள்ள ஊர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கணக்கரின் இக்குறிகள் 2003இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. கணிப்பொறியில் இடம் கிடைத்த வேளையில் அவற்றைப் படிக்க அறிந்தோர் அருகிவிட்டனர்.

ஓலையெழுத்தின் மிகப்பெரிய சுருக்கம் வேறொன்று. ஓலையில் புள்ளி இடும் வழக்கம் பெரிதும் இல்லை. குறில் எகரத்திற்கும் நெடில் ஏகாரத்திற்கும் வடிவ வேறுபாடு காட்டுவதும் இல்லை. எழுதுபவன் விட்டதைப் படிப்பவன் நிரப்பிக்கொண்டான். எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்பதைச் சொல்லும் மெய்ம்மயக்க விதிகள் இருபாலார்க்கும் பொதுச் சொத்தாக இருந்தமையால் அவ்வாறு விடுதல் இயன்றது. அவ்வறிவு குறைந்த காலத்தில் அதே ஓலை புதிராயிற்று. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும் பத்துப்பாட்டை 1889இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தபோது அவர் செய்த பணிகளுள் ஒன்று, நூற்றாண்டுகளாக இடப்படாதிருந்த புள்ளிகளை இடுவது.

ஈயமும் தட்டச்சும்

அச்சில் காலப்போக்கில் புள்ளி நிலைபெற்றது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் தொடங்கி, தமிழ் அச்சுக்கு எழுத்துகளின் எண்ணிக்கை பெருஞ்சுமையாகவே இருந்தது. 247 எழுத்துகளுக்கும் வேண்டிய வடிவங்களை வார்ப்பதும், அறைகளில் பிரித்து வைப்பதும், கோப்பவர் அவற்றைக் கைதேடி எடுப்பதும் காலத்தை விழுங்கின. பெரியார் 1935இல் குடி அரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டதற்கு அச்சுக் கோப்பின் எளிமையும் ஒரு காரணம். தமிழக அரசு 1978இல் அவற்றுள் 13 எழுத்துகளின் புதிய வடிவங்களை ஏற்றது. ணா, றா, னா வரிசையும் ணை, லை, ளை, னை என்பனவும் இன்றுள்ள வடிவம் பெற்றது அப்போதுதான்.

தட்டச்சுப்பொறியில் சிக்கல் இன்னும் கூர்மையானது. நாற்பது, நாற்பத்தைந்து விசைகளுக்குள் தமிழ் முழுவதும் அடங்க வேண்டும். 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் பணியாற்றிய ஆர். முத்தையா இதற்கு ஒரு வழி கண்டார். புள்ளி, இகரக் கொக்கி போன்றவற்றுக்கு நகரா விசைகளை அமைத்தார். அவ்விசையைத் தட்டினால் குறி தாளில் பதியும். ஆனால் உருளை நகராது. அடுத்துத் தட்டும் மெய் அதே இடத்தில் பதிந்து, பின்னரே உருளை நகரும். ஆகவே க் என்பதைத் தட்டப் புள்ளியை முதலிலும் ககரத்தை அடுத்தும் தட்ட வேண்டும். கொ என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டுகள்.

இது கண்ணின் வரிசை. தாளில் இடமிருந்து வலமாக எது தோன்றுகிறதோ அதுவே விரலின் வரிசையுமாயிற்று. நாவில் க் முன்னும் ஒ பின்னும் ஒலிக்க, விரலில் கொம்பு முன்னும் ககரம் பின்னும் வந்தன. இம்முரண்பாட்டை விரல்களுக்குப் பழக்கியோர் தட்டச்சுப் பயிலகங்களில் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளுக்குப் பயின்ற இளைஞர்கள். அவர்களுள் பெண்கள் திரளானோர். அலுவலக வாயில் பல குடும்பங்களின் முதல் தலைமுறைப் பெண்களுக்குத் திறந்தது அப்பயிற்சியாலேயே. அவர்தம் திறமை திருத்தத்தை முன்கூட்டியே தவிர்ப்பதில் இருந்தது. பிழை நேர்ந்தால், படித்தாள் வைத்த பிரதிகள் அனைத்திலும் அதைத் திருத்த வேண்டும்; இல்லையேல் தாளை மாற்றி மீண்டும் தட்ட வேண்டும். இவ்வகையில் தட்டச்சர் கல்தச்சனுக்கு அணித்தானவர்.

ஏவலின் இலக்கணம்

மேலை நாட்டில் 1970களில் நிகழ்ந்த மாற்றம் திருத்தத்தின் விலையைக் குறைத்தது. 1968 டிசம்பர் 9ஆம் நாள் டக்ளஸ் எங்கெல்பார்ட் சுட்டெலியையும், திரையில் எழுத்தைத் திருத்தும் முறையையும் அவையறியச் செய்து காட்டினார். 1976இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராயிருந்த பில் ஜாய், நிரல் திருத்துவதற்கென விஐ என்னும் கருவியை எழுதினார். அவர் பயன்படுத்திய முனையத்தில் அம்பு விசைகள் தனியே இல்லை. எச், ஜே, கே, எல் என்னும் நான்கு விசைகளின் மேலேயே இடம், கீழ், மேல், வலம் என அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. வலக்கை விரல்கள் இயல்பாக அமரும் இடம் அது. ஆகவே விரல் பெயராமலே வரிகளிடையே உலவ முடிந்தது.

அக்கருவியின் கட்டளைகளைத் தமிழிலக்கணம் பயின்றோர் எளிதில் உணர்வர். டி என்னும் விசை நீக்கு என்னும் ஏவல் வினை. டபிள்யூ என்னும் விசை சொல் என்னும் பெயர். இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் சொல்லை நீக்கு என்னும் தொடர் ஆகிறது. முன்னால் மூன்று என்னும் எண்ணைச் சேர்த்தால் மூன்று சொற்கள் நீங்குகின்றன. எண்ணுப்பெயர், ஏவல், செயப்படுபொருள் என ஒரு சிறு வாக்கியமே அங்கு அமைகிறது. பத்து வினைகளையும் பத்துப் பெயர்களையும் அறிந்தவர் நூறு செயல்களைச் செய்யலாம். நூறையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தேர்ந்த நிரலர் விரைந்து திருத்துவதன் காரணம் விரலின் வேகம் மட்டுமன்று. செய்ய வேண்டியதை எழுத்தெழுத்தாக நினையாமல் சொல்லாக, வரியாக, பத்தியாக நினைக்கும் பழக்கம். யாப்பில் பயின்றவர் அசையை விட்டுச் சீராகவும் சீரை விட்டு அடியாகவும் நினைப்பது போன்றது இது.

இதற்கு மாறான வழியை வகுத்தவர் லாரி டெஸ்லர். 1970களின் நடுப்பகுதியில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் டிம் மோட் என்பவருடன் சேர்ந்து ஜிப்சி என்னும் திருத்தக் கருவியை அவர் அமைத்தார். ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தாகவும் மறுநிலையில் கட்டளையாகவும் இயங்குவது பயனாளரைக் குழப்பும் என்பது அவர் கொள்கை. வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் என்னும் மூன்று செயல்களால் பெரும்பான்மைத் திருத்தங்களை முடிக்கலாம் என்று அவர் காட்டினார். கத்தரியும் பசையும் கொண்டு தாள்களை வெட்டி ஒட்டிய பத்திரிகை அலுவலக வழக்கமே அதன் மூலம். சிற்றிதழ்ப் பக்கங்களை இரவெல்லாம் வெட்டி ஒட்டி வடிவமைத்த தமிழ்க் கவிஞர்களுக்கு அவ்வழக்கம் புதிதன்று. 1983இல் வெளிவந்த லிசா, 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் ஆகிய கணிப்பொறிகளின் வழியே எக்ஸ், சி, வி என்னும் அடுத்தடுத்த விசைகள் முறையே இம்மூன்று செயல்களுக்கும் உரியவாயின. அருகிலுள்ள இசட் மீட்புக்கு உரியதாயிற்று. எக்ஸ் அடித்தற்குறியை ஒத்தது. வி புகுத்தற்குறியை ஒத்தது. ஓலைச்சுவடியின் காகபாதம் ஒருவகையில் விசைப்பலகையின் கீழ்வரிசைக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

புள்ளி இடும் பொறி

இனித் தமிழ் விசைப்பலகையின் வரலாறு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர்ச் சிறுகதையாசிரியர் நா. கோவிந்தசாமி 1997இல் அங்கு முதல் தமிழ் இணைய மாநாடு கூட முன்னின்றார். படைப்பிலக்கியவாதி ஒருவர் இத்துறைக்கு வழிகாட்டியாக விளங்கியமை இலக்கிய வட்டத்தார் நினைவில் கொள்ளத்தக்கது. அவர் 1999இல் மறைந்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு நடத்திய தமிழிணையம் 99 மாநாட்டின் விளைவாகத் தமிழ்99 என்னும் விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது.

தமிழ்99 கண்ணின் வரிசையைக் கைவிட்டுக் காதின் வரிசையைக் கைக்கொண்டது. உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ககரத்தை அடுத்து ஒகரத்தைத் தட்டினால் கொ வரும். கொம்பையும் காலையும் பொறியே இட்டுக்கொள்ளும். மிகுதியாக வரும் மெய்கள் வலக்கை இயல்பாக அமரும் இடத்தில் வைக்கப்பட்டன. எச், ஜே, கே, எல் விசைகளில் முறையே க, ப, ம, த. நிரலர்க்கு உலவும் விசைகளாக விஐ கருவி தேர்ந்த அதே நான்கு விசைகள் இவை. ஒன்றையொன்று பாராத இரு முயற்சிகள் ஒரே நெறியைப் பின்பற்றின: மிகுதியாக வேண்டுவது மிக அருகில் இருத்தல் வேண்டும். வெட்டு, நகல், ஒட்டு, மீட்பு ஆகியவற்றுக்குரிய கீழ்வரிசை விசைகளில் தமிழ்99 வைத்த எழுத்துகள் ஓ, ஒ, வ, ஔ என்பன.

இப்பலகையின் சிறப்பு அதன் புள்ளி விதிகளில் உள்ளது. ஒரே மெய்யை இருமுறை தொடர்ந்து தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே வரும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் மெல்லினம் தானே புள்ளி பெறும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என இணைகள் ஆறு. அம்மா என எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள் போதும். செங்கல்பட்டு என்னும் சொல் கணிப்பொறியில் 12 குறியிடங்கள் கொண்டது. தமிழ்99இல் அதற்கு 10 தட்டுகள். ங்க, ட்ட என்னும் இரண்டிடத்தும் புள்ளியைப் பொறி இடுகிறது. மாமல்லபுரம் 11 குறியிடங்கள் கொண்டது. அதற்கும் 10 தட்டுகளே. ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்துத் தட்டுவோர், நெடிலுக்கு இருமுறை தட்டும் வழக்கில், மாமல்லபுரம் என்பதற்கு 13 முறை தட்ட வேண்டும். அகரம் ஒவ்வொன்றுக்கும் அங்குத் தனி விசை வேண்டியிருப்பதே காரணம்.

இவ்விதிகள் மெய்ம்மயக்கத்திலிருந்து பிறந்தவை. ரகர ழகரம் ஒழிந்த மெய்கள் தம்மொடு தாம் மயங்கும் என்பது தொல்காப்பியம் முதல் வரும் விதி. மெல்லினம் தன் இன வல்லினத்தோடு மயங்குவதும் அவ்வாறே. புள்ளியிடாத ஓலையைப் படித்த பழந்தமிழர் எந்த அறிவால் புள்ளியை நிரப்பினரோ, அதே அறிவை 1999இல் விசைப்பலகை கடன் வாங்கியது. முன்பு எழுதுபவன் விட்டதைப் படிப்பவன் இட்டான். இப்போது எழுதுபவன் விட்டதைப் பொறி இடுகிறது. விதிக்கு அடங்காத இடங்களும் உண்டு. மமதை என எழுத வேண்டுமாயின் இரு மகரங்களுக்கும் இடையே அகர விசையைத் தட்டிப் புள்ளியைத் தடுக்க வேண்டும். இலக்கணத்தில் புறனடை இருப்பதுபோல் பலகையிலும் புறனடை உண்டு.

அழித்தலில் எழும் வினா

தட்டுதலில் தீர்ந்த சிக்கல் அழித்தலில் மீண்டும் எழுகிறது. இன்றைய கணிப்பொறிகளில் பொதுவாக, சொல் என எழுதிய பின் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டினால் லகரமெய் முழுவதும் நீங்காது. புள்ளி மட்டும் நீங்கிச் சொல என நிற்கும். அம்பு விசையால் நகர்ந்தாலோ உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கொண்டு பொறி தாவிச் செல்லும். நகர்தலில் ஓரெழுத்து, அழித்தலில் ஈரெழுத்து.

இதன் வேர் ஒருங்குறியின் அமைப்பில் உள்ளது. 1991இல் வெளிவந்த அவ்வமைப்பில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அகரமேறிய ககரம் அடிப்படையாகவும் புள்ளி அதன்மேல் ஏறும் குறியாகவும் கொள்ளப்பட்டன. தொல்காப்பிய மரபோ புள்ளியொடு நிற்றலே மெய்யின் இயல்பு என்பது. இவ்வேறுபாட்டைக் களைய ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ்16 என்னும் அமைப்பு முன்மொழியப்பட்டு, 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. எனினும் உலகப் பயன்பாட்டில் நிலைத்தது ஒருங்குறியே.

நிரலர்க்கு இதனினும் நேரான இடர் ஒன்றுண்டு. விஐ போன்ற கருவியில் தமிழ் விசைப்பலகை இயங்கும்போது எச் விசையைத் தட்டினால் இடப்புறம் நகராமல் ககரம் வந்து நிற்கும். கட்டளையிடும்போதெல்லாம் ஆங்கிலப் பலகைக்கும் எழுதும்போதெல்லாம் தமிழ்ப் பலகைக்கும் மாற வேண்டிய நிலை. டச்சு நிரலர் பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம் என்னும் வளர்ந்த பதிப்பில் பின்னர் இதற்கு வழி ஏற்பட்டது. எழுதும் நிலைக்கு மட்டும் வேற்றுமொழிப் பலகையை அமைத்து, கட்டளை நிலையை அப்படியே விட்டுவைக்க அதில் இயலும். 2023இல் அவர் மறையும்வரை அக்கருவியைப் பேணிவந்தார்.

பாடபேதமும் மீட்பு விசையும்

திருத்தம் எளிதானதால் நேரும் இழப்பும் உண்டு. ஓலையில் அடித்த எழுத்தின் கீறல் எஞ்சும். கையெழுத்துப் படியில் கவிஞன் முதலில் எழுதிய சொல்லும், அதை அடித்து மேலே எழுதிய சொல்லும் இரண்டும் தெரியும். கணிப்பொறியில் மாற்றிய சொல் மட்டுமே நிற்கும். மீட்பு விசை, கோப்பு திறந்திருக்கும் வரையே நினைவு கொண்டது. சாமிநாதையர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காத்தார். இன்றைய கவிஞர் தம் பாடபேதங்களைத் தாமே நாள்தோறும் அழித்து வருகின்றனர்.

நிரலர் இவ்விழப்பை முன்னரே உணர்ந்தனர். யார், என்று, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கும் கருவிகளை அவர்கள் அமைத்துக்கொண்டனர். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் அவற்றுள் பரவலானது. பாடபேத அட்டவணையைப் பொறியே தொகுத்து வைப்பது போன்றது அது. கவிஞர்க்கு அத்தகைய கருவி இல்லாவிடினும் குறையில்லை. திருத்துமுன் கோப்பைப் புதுப்பெயரில், நாளிட்டு, ஒருமுறை சேமித்து வைக்கும் பழக்கமே போதுமானது.

ஒருசேர மாற்றும் விசையிலும் எச்சரிக்கை வேண்டும். கல் என்னும் சொல்லைத் தேடி மாற்றுபவர் கல்வியையும் செங்கல்பட்டையும் சேர்த்தே மாற்றிவிடுவர். ஏடெழுதுவோன் தன் அரைகுறை அறிவால் ஓரிடத்தில் பாடத்தைத் திருத்தினால் ஓரிடம் கெட்டது. பொறியின் துணையோடு திருத்தினால் நூல் முழுவதும் ஒரு நொடியில் கெடும். தேர்ந்த நிரலர் ஒவ்வொன்றாகக் காட்டக் கேட்டு, பார்த்து, இசைவு தந்தே மாற்றுவர். பதிப்பாளர் அவரிடம் கற்கத்தக்க பழக்கம் இது.

உடன்பாடு குலைந்த காலம்

1990களில் தமிழ்க் கணிப்பொறி எழுத்துக்கு நேர்ந்தது இவற்றினும் கடுமையான இழப்பு. ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனக்கெனக் குறியேற்றம் வகுத்துக்கொண்டது. ஓர் எழுத்துருவில் ககரத்திற்குரிய எண் மற்றொன்றில் வேறெழுத்துக்கு உரியது. ஒருவர் தட்டிய கவிதை, அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளின் வரிசையாயிற்று. 1999 மாநாட்டின்வழித் தாம், தாப் என்னும் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டும் பழைய எழுத்துருக்கள் உடனே மறையவில்லை. அக்காலத்துச் சிற்றிதழ்களும் கவிதைத் தொகுப்புகளும் நெகிழ்வட்டுகளிலும், வழக்கொழிந்த எழுத்துருக்களிலும் அகப்பட்டுக் கிடக்கின்றன. தாளில் அச்சானவை தப்பின. அச்சேறாதவை ஓலைக் கணக்கின் குறிகளைப் போல், படிப்பாரின்றிக் கிடக்கின்றன.

மீட்ட வரலாறும் உண்டு. கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் பலரின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி எவரும் பெறச் செய்தது. முன்னைக் குறியேற்றத்தில் இருந்த நூல்களை அத்திட்டத்தார் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றினர். சுரதா யாழ்வாணன் அமைத்த பொங்குதமிழ் போன்ற மாற்றிகள், பல பழைய எழுத்துருக்களில் உள்ளவற்றைச் சில நொடிகளில் ஒருங்குறியாக்குகின்றன. அதிரணசண்டன் மண்டபத்தில் கல்தச்சன் இரண்டு சுவர்களில் செய்ததை இம்மாற்றிகள் செய்கின்றன. பாடல் ஒன்றே; எழுத்து வேறு. ஆனால் மாற்றி செயற்பட வேண்டுமாயின் கோப்பு கைக்குக் கிடைக்க வேண்டும். நெகிழ்வட்டின் காந்தப் பூச்சு கல்லின் ஆயுள் கொண்டதன்று. இன்னும் தாமதித்தால் மாற்றி இருக்கும். மாற்றுவதற்குரிய பாடல் இராது.

நிறைவாக

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து திரும்பியபின், சாளுவன்குப்பத்தில் பாறைக் கல்வெட்டு ஒன்று வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து 2005 முதல் தொல்லியல் துறையினர் அகழ்ந்து பழமையான முருகன் கோயிலைக் கண்டனர். மணலுக்குள் நூற்றாண்டுகள் கிடந்தும் கல்லெழுத்து வாசிக்கும் நிலையில் இருந்தது. கணிப்பொறி எழுத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. முப்பதாண்டு பழைய கோப்பை எந்த அலையும் வெளிக்கொணராது.

ஆகவே இரண்டு கடமைகள் தமிழ் எழுதுவோர் முன் உள்ளன. 1990களில் பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பெற்ற தம் படைப்புகளையும், மறைந்த நண்பர்களின் படைப்புகளையும் தேடியெடுத்து, ஒருங்குறிக்கு மாற்றிப் பொதுவில் வைப்பது முதலாவது. தமிழின் இலக்கணத்தையே தன் குறுக்குவழியாகக் கொண்ட விசைப்பலகையைப் பயில்வதும், இளையோர்க்குப் பயிற்றுவதும் இரண்டாவது. சிறுசேரியிலும் பரனூரிலும் நிரல் திருத்தும் தமிழிளைஞர் பலர், பிற நாட்டார் வகுத்த குறுக்குவிசைகளைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவர். தாய்மொழியில் ஒரு வரி எழுத வேண்டுமெனின் ஆங்கில எழுத்துகளை நாடுவர். அவர்தம் விரல்கள் ஏற்கெனவே க, ப, ம, த என்னும் விசைகளின் மீதுதான் அமர்ந்திருக்கின்றன. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

ஓலை எழுதியவன் புள்ளியை விட்டபோது, படிப்பவனுக்குத் தமிழ் தெரியும் என்று நம்பினான். அந்த நம்பிக்கையே அவனது சுருக்கெழுத்து. விசைப்பலகை இன்று புள்ளியை இட்டுத் தரலாம். எவ்விடத்து இட வேண்டும், எவ்விடத்துத் தடுக்க வேண்டும் என்பதை அறிய, தட்டுபவருக்கும் தமிழ் தெரிந்திருத்தல் வேண்டும்.